விளக்கேற்றும் கை கொசுவை அடிக்கலாமா?

காலையில் குளித்து, கோலமிட்டு, விளக்கேற்றி, 'எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க வேண்டும்' என்று மனமுருகிப் பிரார்த்தனை செய்கிறீர்கள். பூஜையறையை விட்டு வெளியே வந்தால், சமையல் மேடையில் கரப்பான் பூச்சி ஓடுகிறது. கை தானாகத் துடைப்பத்தைத் தேடுகிறது. அடித்து முடித்த பிறகு மனசுக்குள் ஒரு முள். 'இப்போதுதானே உயிர்களுக்காகப் பிரார்த்தித்தேன்... இந்தப் பாவம் என்னைச் சேருமா? என் குழந்தைகளைச் சேருமா?'

பல சகோதரிகளின் மனத்தில் இருக்கும் கேள்விதான் இது. வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். இதில் சிரிக்க எதுவுமே இல்லை. நம் தர்ம சாஸ்திரம் இந்தக் கேள்வியை மிகவும் மதித்துப் பதில் சொல்லியிருக்கிறது.

வீட்டுக்குள் ஐந்து கொலைக்களங்கள்!

இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கிறது மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகிய ஐந்தும்தான் அவை. இவற்றுக்குப் 'பஞ்ச சூனை' என்று பெயர். அடுப்பு மூட்டினால் விறகில் இருக்கும் எறும்பு வேகும். அரைத்தால் தானியத்துப் பூச்சி நசுங்கும். பெருக்கினால் சிற்றுயிர்கள் மடியும். குத்தினால் வண்டு சாகும். குடத்தில் விழுந்தது மிதக்கும்.

கவனித்தீர்களா? இந்த ஐந்தும் சமையலுக்கும் சுத்தத்துக்கும் உரியவை. இவை இல்லாமல் குடும்பம் நடக்காது. அதாவது, பிறருக்குச் சோறு போடும் கையில்தான் இந்த தோஷமும் ஒட்டுகிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்தே இருந்தார்கள். அதனால் 'சமைக்காதே, பெருக்காதே' என்று சொல்லவில்லை. 'உனக்குப் பாவமே இல்லை, கவலைப்படாதே' என்றும் சொல்லவில்லை. 'இது ஒரு கடன். தினமும் இந்தக் கடனைத் தீர்த்துக்கொண்டே இரு' என்றார்கள்.

எப்படித் தீர்ப்பது? அதற்காக ஏற்பட்டவைதான் பஞ்ச மகா யக்ஞங்கள். வேதம் ஓதுவதும் ஓதுவிப்பதும் பிரம்ம யக்ஞம். முன்னோரை நினைத்து நீரும் அன்னமும் அளிப்பது பித்ரு யக்ஞம். தெய்வத்துக்கு ஆஹுதி தருவது தேவ யக்ஞம். விருந்தினருக்கு உணவிடுவது மனுஷ்ய யக்ஞம். காக்கை, நாய், புழு பூச்சி என்று வாயில்லாத உயிர்களுக்கு அன்னமிடுவது பூத யக்ஞம். அம்மியும் உரலும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்துவிட்டன. விறகடுப்பு போய் கேஸ் வந்துவிட்டது. ஆனால் கடன் போகவில்லை. மருந்து ஸ்ப்ரே என்று ஆறாவது சூனை ஒன்றும் கூடவே சேர்ந்துகொண்டது!

வேடன் சொன்ன உபதேசம்

மகாபாரதத்தின் வன பர்வத்தில் தர்மவியாதர் கதை வருகிறது. மிதிலையில் இறைச்சி விற்றுப் பிழைப்பவர் அவர். கௌசிகர் என்ற அந்தணர் அவரிடம் தர்மம் கேட்கப் போகிறார். அங்கே வியாதர் சொல்லும் கருத்து மிக முக்கியமானது. உழவன் ஏர் ஓட்டும்போது மண்ணுக்குள் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. நடக்கும்போதே காலடியில் உயிர்கள் நசுங்குகின்றன. ஹிம்ஸை கொஞ்சமும் கலக்காமல் இந்த உலகில் வாழ்ந்தவர் யார்? ஆனாலும் முயற்சி உடையவன் அதைக் குறைத்துக்கொள்ள முடியும் என்கிறார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அதே மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் மாண்டவ்யர் கதை இருக்கிறது. திருடர்கள் ஒளித்து வைத்த பொருள் ஆசிரமத்தில் கிடைத்ததால், மௌன விரதத்தில் இருந்த அந்த முனிவரைக் கழுவில் ஏற்றிவிட்டார்கள். 'நான் செய்த குற்றம் என்ன?' என்று பிறகு தர்மராஜனிடம் கேட்டார். 'சிறு வயதில் பூச்சிகளின் வாலில் புல்லைக் குத்தி விளையாடினீர்' என்று பதில் வந்தது. 'அறியாத வயதில் செய்ததற்கா இத்தனை பெரிய தண்டனை?' என்று கோபித்து, தர்மராஜனையே பூமியில் பிறக்கும்படி சபித்தார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். பதினான்கு வயது வரை செய்வது பாவக்கணக்கில் சேராது என்ற வரம்பையும் அன்றைக்கு மாண்டவ்யரே விதித்தார்.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். உழவன் கொல்கிறான், ஊருக்குச் சோறு கிடைக்கிறது. சிறுவன் குத்துகிறான், யாருக்கு என்ன பயன்? தேவைக்காக நேரும் ஹிம்ஸை வேறு. விளையாட்டாகவோ வெறுப்பாலோ அலட்சியத்தாலோ செய்யும் ஹிம்ஸை வேறு. வீட்டில் குழந்தை எறும்பைத் தேடித் தேடி நசுக்கினால், 'எறும்புதானே' என்று விட்டுவிடாதீர்கள். பாவக்கணக்கு அவனுக்கு இல்லாமல் இருக்கலாம். சொல்லித் தரவேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு!

ஊதி விட்ட அம்மையார்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், திருமருகலுக்கு அருகில் இருக்கிறது சீயாத்தமங்கை. பெரிய புராணம் போற்றும் திருச்சாத்தமங்கை இதுதான். இங்கே அயவந்தீஸ்வரரை வழிபட்டவர் திருநீலநக்க நாயனார். ஒரு திருவாதிரை நாளில் அவர் பூஜை முடித்து ஐந்தெழுத்து ஜபித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிலந்தி லிங்கத்தின் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி பதறினார். குழந்தையின் மேல் பூச்சி விழுந்தால் தாய் என்ன செய்வாள்? அதையே செய்தார். வாயால் ஊதித் தள்ளினார். எச்சில் பட்டதாம்!

நாயனாருக்கு வந்ததே கோபம்! 'உன்னைத் துறந்தேன்' என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். அம்மையார் கோயிலிலேயே தங்கினார். அன்று இரவு இறைவன் நாயனாரின் கனவில் தோன்றித் தம் திருமேனியைக் காட்டினார். சிலந்தியால் உடம்பெல்லாம் கொப்புளம். அம்மையார் ஊதிய இடம் மட்டும் கொப்புளம் இல்லாமல் இருந்தது! விடிந்ததும் ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்தார் நாயனார்.

ஆசாரத்தைவிட அன்பு பெரிது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். இன்னொன்றையும் பாருங்கள். அம்மையார் ஈசனையும் காத்தார், சிலந்தியையும் நசுக்கவில்லை. ஊதி அப்புறப்படுத்தினார், அவ்வளவுதான். திருவானைக்காவில் வலை பின்னி ஈசனுக்குப் பந்தல் போட்ட சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது என்கிறது தல புராணம். திருச்சி அருகே திருவெறும்பூரில் தேவர்கள் எறும்பு வடிவில் வந்தார்கள். அவர்கள் ஏற முடியாமல் வழுக்கியபோது ஈசன் புற்றாக மாறித் தலை சாய்த்துக் கொடுத்தார். எறும்புக்காகச் சாய்ந்தவனை வணங்கும் நாம், எறும்பைக் கண்டதும் முதலில் எதைத் தேட வேண்டும்? சிந்திய சர்க்கரையை அல்லவா? அதைத் துடைத்து, டப்பாவை மூடி, தட்டைச் சுற்றித் தண்ணீர் விட்டாலே எறும்பு தன் வழியில் போய்விடும்.

முதலில் தடு, பிறகு விரட்டு, கடைசியில்தான் கொல்

நம் வீட்டுக்கு இந்த மூன்று படிகள் போதும். கொசுவையே எடுத்துக்கொள்வோம். மலேரியாவைப் பரப்புவது கொசு என்ற உண்மை, 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டபோதுதான் தெளிவாகத் தொடங்கியது. இன்று டெங்குவையும் அறிவோம். தெரிந்த பிறகும் 'கொசு பாவம்' என்று சும்மா இருந்து குழந்தையைக் காய்ச்சலில் தள்ளினால், அது அஹிம்ஸை ஆகாது. வீட்டைக் காப்பதும் தர்மம்தான்.

ஆனால் எங்கே காப்பது? டெங்கு கொசு பகலில் கடிக்கும். சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் வளரும். பூஜையறைக் கலசம், பூ ஜாடி, மணி பிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, தொட்டிச் செடிக்கு அடியில் வைத்த தட்டு எல்லாமே அதற்குப் பிரசவ அறைதான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெள்ளிக்கிழமைக்காக வியாழனன்று விளக்கு தேய்க்கிறீர்களே, அன்றைக்கே இவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். நூறு கொசுவை அடிப்பதைவிட இது மேல். பிறக்கவிடாமல் தடுத்த உயிரைக் கொல்லவேண்டிய அவசியமே வராது அல்லவா?

பல்லியை விரட்டாதீர்கள். காஞ்சி வரதர் கோயிலில் தொட்டு வணங்கும் தங்கப் பல்லியின் இனம்தான் நம் டியூப்லைட் அருகே கொசுவையும் பூச்சியையும் பிடித்துத் தின்கிறது. அப்படியும் மருந்து அடிக்க வேண்டி வந்தால், உணவை மூடி வையுங்கள். விளக்கு எரியும் பூஜையறையில் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, தீப்பற்றும்.

துளசி மாடத்துக்கும் தோட்டத்துக்கும் இதே முறைதான். பெருமாளுக்குப் பறிக்கும் துளசியில் விஷ மருந்து வேண்டாம். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால், முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். பொறிவண்டு தென்பட்டால் விட்டுவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் புழு, பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அதற்கு ஒரு கொத்து இலையைக் கொடுத்தால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

எலி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கஜமுகாசுரன் பெருச்சாளியாக வந்தபோது விநாயகர் அவனை அழிக்கவில்லை, அடக்கி வாகனமாக்கிக்கொண்டார். நாமும் முதலில் ஓட்டைகளை அடைப்போம், குப்பைக்கூடையை மூடுவோம், கூண்டுப்பொறி வைப்போம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வருவதால், வேறு வழியில்லாமல் கொல்ல நேரலாம். அப்போதும், ஒட்டிக்கொண்டு பசியிலும் பயத்திலும் மெல்ல மெல்லச் சாகவைக்கும் பசை அட்டை வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. குழந்தை அதை வாயில் வைத்துவிட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓரிரு நாள் கழித்துத்தான் கல்லீரல் கெடும்.

'நான் செய்யவில்லையே!'

'இந்தப் பாவமெல்லாம் நமக்கு வேண்டாம்' என்று வேலைக்கார அம்மாவைக் கூப்பிட்டு எலியை அடிக்கச் சொல்கிறோம். மருந்து அடிக்க ஆளை வரவழைக்கிறோம். பிறகு நம் கை சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். சாஸ்திரம் அப்படிச் சொல்லவில்லை. புலாலைப் பற்றிப் பேசும்போது மனு, கொன்றவரோடு நிறுத்தாமல் அனுமதித்தவர், வாங்கியவர், சமைத்தவர், பரிமாறியவர் என்று எல்லோரையும் ஒரே வரிசையில் வைக்கிறார். இங்கும் அதுதான் நியாயம். செய்யச் சொன்னவருக்குப் பங்கு உண்டு.

மருந்து அடிக்க வரும் அந்தத் தம்பி நம் வீட்டுக் கடனைத் தன் மூச்சில் சுமக்கிறார். முகத்துக்கு மாஸ்க் இருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் கை கால் கழுவ சோப்பும், குடிக்க ஒரு டம்ளர் மோரும் கொடுங்கள். அதுவும் மனுஷ்ய யக்ஞமே!

வாசற்படியில் இரண்டு கோடுகள்

நம் வாசலில் இரண்டு விதமான கோடு போடலாம். ஒன்று அரிசி மாவுக் கோலம், எறும்புக்குச் சோறு. மற்றொன்று கரப்பான் சாக்பீஸ், எறும்புக்கு எமன். பார்க்க இரண்டுமே வெள்ளைக் கோடுதான். இல்லறத்தில் இரண்டாவது கோடு சில நாள் தேவைப்படலாம். ஆனால் முதல் கோடு தினமும் இருக்கட்டும். கல் மாவுக்குப் பதிலாகத் தினம் ஒரு பிடி அரிசி மாவு. சாப்பிடும் முன் காக்கைக்கு ஒரு கவளம். வெயில் காலத்தில் மாடியில் ஒரு சட்டித் தண்ணீர். அதையும் தினமும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசு வந்துவிடும்!

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டோம், இனி எதை வேண்டுமானாலும் கொல்லலாம் என்பதற்கு யக்ஞம் ரசீது அல்ல. நம் கையை மெல்ல மெல்ல மென்மையாக்குவதற்காகவே பெரியவர்கள் அதை ஏற்படுத்தினார்கள். மனசில் குத்திய அந்த முள் இருக்கட்டும். அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். அது இருக்கும்வரை தேவைக்கு மேல் ஓர் உயிரைக்கூட எடுக்கமாட்டோம்.

இன்று மாலை விளக்கேற்றும்போது இப்படிப் பிரார்த்தியுங்கள்: 'இறைவா, இந்த வீட்டைக் காக்க வேண்டி நான் எடுத்த உயிர்களுக்கு நல்ல கதி கொடு. தேவையில்லாமல் எடுக்கவிடாமல் என் கையைத் தடுத்துக் காப்பாற்று.'

அவன் தடுப்பான். நாமும் கொஞ்சம் தயங்கினால் போதும்.