கடனும் சொத்தும்

ஒன்டாரியோ ஏரியின் ஹாமில்டன் துறைமுகச் சேற்றில், மின்மாற்றிகளில் பயன்பட்ட பிசிபி என்னும் வேதிப்பொருள் தங்கிவிட்டது. மீன் வழியாக அது ஸ்னாப்பிங் ஆமைகளின் கொழுப்பில் சேர்ந்தது. தாய் அதை முட்டையின் மஞ்சள் கருவோடு பிள்ளைக்குக் கொடுத்தது. பெரும் ஏரிகளில் மாசு மிகுந்த இடங்களில் பொரியாத முட்டைகளும் ஊனமுற்ற குஞ்சுகளும் அதிகம் என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

கனடா பிசிபி இறக்குமதியை 1977இல் தடைசெய்தது. ஆனால் இந்த ஆமை 70 ஆண்டுகூட வாழும். தடைக்கு முன் பிறந்தது இன்றும் முட்டையிடக்கூடும்.

நான் இங்கே வந்தது வெகுகாலம் கழித்து. இதில் எனக்கென்ன பங்கு? அந்தக் காலம் இழுத்த மின்கம்பியில்தான் என் வீட்டு விளக்கும் என் கணினித் தொழிலும் ஓடுகின்றன. சொத்தை ஏற்றுக்கொண்டவர் கடனை மறுக்க முடியாது என்பது நம் ஊர் நியாயம். குடியேறியவருக்கும் அது பொருந்தும். ஏரியைச் சுத்தம்செய்யப் போகும் என் வரிப்பணத்தை நான் தானமாக எண்ணுவதில்லை, தவணையாகவே எண்ணுகிறேன்.