எண்ணெய்ப் பிசுக்கு

சேர்வராயன் மலையில், கரடியூருக்குப் போகிற பாதையோரம், ஒரு மரத்தடிப் பிள்ளையாரின் காலடியில் குவிந்து கிடந்த கற்களில் ஒன்றை எடுத்து வந்தேன். உள்ளங்கையில் அடங்குகிற, ஒரு முனை கூம்பி மறுமுனை கூராகத் தேய்க்கப்பட்ட, புதிய கற்காலக் கோடரி. எண்ணெயும் குங்குமமும் ஏறிக் கறுத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினேன், வடிவம் தெரியவேண்டும் என்று. இப்போது மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க உதவுகிறது. நண்பர்கள் கையிலெடுத்துப் பார்த்து பிராங்குஸியின் பெயரைச் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

இம்மலையின் மலையாளிகள் (கேரளத்தவரல்ல, தமிழ் பேசும் மலைக்குடிகள்) நிலத்தில் அகப்பட்ட இத்தகைய கற்களைக் கோயில்களில் சேர்த்து வணங்கி வந்திருக்கிறார்கள். 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில்தான். அவர் சேகரிப்பைச் சென்னை மியூசியம் 1904ல் வாங்கியது. அட்டவணை 1914ல் அச்சாகியது. ஆக, ஒரே ஜாதிக் கல் மரம் வெட்டியிருக்கிறது, சாமியாகியிருக்கிறது, எண் பெற்றிருக்கிறது, என்னிடம் காகிதம் அழுத்துகிறது. இவற்றில் எது அதன் அர்த்தம்?

கலைப்பொருள் உபயோகத்துக்கென்று பிறந்தது, மியூசியம் அதை வாழ்விலிருந்து அறுத்துவிடுகிறது என்று வாதிட்டவர் ஆனந்த குமாரசாமி. 1917லிருந்து 1947ல் இறக்கும்வரை பாஸ்டன் மியூசியத்தில் பணிபுரிந்துகொண்டே இதைச் சொன்னார். இந்த முரண்பாட்டைக் காட்டிச் சிரிப்பது சுலபம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. செய்தவனின் நோக்கமே அர்த்தம் என்றால் முதலில் பிசகியவன் மலையாளிதான். கோடரியைச் சாமி என்றான். அவனைத் தவறென்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. அப்படியானால் மூல அர்த்தம் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும்.

நகைக்கடன் மேஜையில் தாலியும் கிராம் கணக்கில்தான் நிறுக்கப்படுகிறது. தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் மீட்க வருகிறவள் அத்தனை கிராம் வேறு தங்கத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டாள். ஒரு பொருளுக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில்தான் அதன் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

பத்தூர் நடராஜர் 1976ல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். வழக்கில், பூஜை நின்று இடிந்துகிடந்த கோயிலும் ஒரு வாதி. அங்குள்ள நீதிமன்றம் அதை ஏற்றது. 1991ல் சிலை திரும்பிற்று. நமது பக்திக்கு அந்நிய சட்டம் தலைவணங்கியதாக இதைக் கொண்டாடினோம். கோயில் இடிந்தபின்னும் கடன் தீரவில்லை என்றுதான் அந்தத் தீர்ப்பை நான் வாசிக்கிறேன். அப்படி வாசித்தால் சங்கடம் நம் பக்கம் திரும்புகிறது. மீட்டுவந்த சிலைகளில் பல இன்றும் பாதுகாப்பு மையங்களில் பூட்டுக்குள் இருக்கின்றன. உடைமையாக்கிக்கொள்வது வேறு, கடன் தீர்ப்பது வேறு.

மியூசியத்திலாவது எண் எழுதுகிறவனும் காவல்காரனும் உண்டு. மரத்தடியில் எண்ணெய் ஊற்ற யாரோ வருகிறார்கள். என் மேஜையில் அந்தக் கல்லுக்கு இருப்பது என் ரசனை மட்டும். ரசனைக்குக் கடமை எதுவும் கிடையாது. தூய வடிவம் என்று நாம் இத்தனை காலம் பேசிவந்தது இந்தச் சோப்பைத்தானோ என்று சந்தேகமாயிருக்கிறது. எடுத்து வந்தது திருட்டு. கழுவியது, திருட்டைவிடப் பெரிய காரியம்.

கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கப் போகிறேன். நம்பிக்கையற்ற ஒரு கை வைத்தால் அது மறுபடி சாமியாகுமா என்று கேட்டார் ஒரு நண்பர். எண்ணெய் ஊற்றுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.