உடம்பும் புத்தியும் உயிருக்கு வந்த கருவிகள்



விக்கினங்கள் தீர்க்கும் விநாயகப் பெருமானின் பாதாரவிந்தங்களைப் பணிந்து, மகோற்சவத்தையொட்டி வெளிவரும் இம்மலரில் எமது இளம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விழைகின்றேன்.

கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை கோயிலுக்கு வரும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பத்து வயது வரை சுவாமி வெளிவீதி வரும்போது முன்னால் ஓடிய பிள்ளை, பதினான்கு பதினைந்து வயதானதும் தூணோடு ஒதுங்கி நிற்கின்றது. முகத்திலே பரு வந்துவிட்டதென்று ஒரு பிள்ளைக்குக் கூச்சம். கறுப்பென்றும் கட்டையென்றும் சொல்வார்களே என்று மற்றப் பிள்ளைக்குப் பயம். பரீட்சைப் பெறுபேறு வந்த வாரத்திலோ சில பிள்ளைகள் கோயிற்பக்கம் வருவதேயில்லை. "நான் வடிவில்லை", "எனக்குப் படிப்பு ஏறாது" என்னும் இரண்டு எண்ணங்கள் பிள்ளையைச் சுவாமியின் முன்னிலையிலும் தலைகுனிய வைக்கின்றன.

இதற்குச் சைவ சித்தாந்தம் தெளிவான விடை தருகின்றது. ஆணவ இருளில் அறிவு மறைந்து கிடந்த உயிருக்கு இறைவன் இரங்கி, தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கொடுத்தருளினான். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய உட்கருவிகள். கண்ணாடியிலே தெரிவது தனு. பெறுபேற்றுத் தாளிலே தெரிவது கரணத்தின் சில நாள் வேலை. இரண்டும் உயிர் அல்ல. மண்வெட்டி மழுங்கினால் கமக்காரன் அதனைத் தீட்டுவான். நானே மழுங்கிப் போனேன் என்று அழுதுகொண்டு இருக்கமாட்டான். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தேன் என்றும், நான் சிவந்த நிறம் என்றும் நெஞ்சு நிமிர்த்துவதும் இதே மயக்கந்தான். கருவியைத் தானென்று கொள்வதில் பெருமைக்கும் தாழ்வுக்கும் வேறுபாடில்லை.

முன்வினையால் வந்த உடம்பு, முன்வினையால் வந்த மந்தபுத்தி என்று சிலர் பிள்ளைகளின் காதுபடப் பேசுவதுண்டு. வினைக்கேற்ப உடம்பு வாய்க்கும் என்பது நூற்கொள்கையே. ஆயினும் பிறருடைய வினைக்கணக்கைப் பார்க்கும் கந்தோர் எம்மிடம் இல்லை. அந்தக் கோவை இறைவனிடம் மாத்திரமே உண்டு.

எமது மூலமூர்த்தியையே நோக்குங்கள். யானைமுகம், பானை வயிறு, ஒடிந்த கொம்பு. அந்தத் திருவுருவைக் கண்டு, தன் அழகிலே செருக்குற்ற சந்திரன் நகைத்தான்; சாபம் பெற்றான். ஆவணிச் சதுர்த்தியில் சந்திரனைப் பார்க்கலாகாது என்று வீட்டிலே சொல்வது இக்கதையினாலேயே. சாபம் நகைத்தவனுக்கே வந்தது. ஒடிந்த கொம்போ பாரதம் எழுதும் எழுத்தாணியாயிற்று.

காரைக்காலம்மையார் அழகும் இளமையும் உடையவர். கணவன் பிரிந்து வேறு மணம் செய்தபின், அவன் பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை நீக்கிப் பேய்வடிவு தரும்படி வேண்டினார். உலகம் கண்டு அஞ்சி ஓடிய அவரையே இறைவன் "அம்மையே" என்று அழைத்தான். பொலநறுவையிற் கிடைத்த அவரது வெண்கலப் படிமத்திலே எலும்பும் நரம்பும் தெரியும். சிற்பி அந்த உடம்பையே வணங்கத்தக்கதாக வார்த்தான். பெண்பிள்ளைகள் பட்டினி கிடந்து மெலிய வேண்டும் என்று இக்கதையைக் கொள்ளலாகாது. ஊரார் கண்ணுக்காக உடம்பைச் சுமக்க வேண்டாம் என்பதே இதன் கருத்து.

கண்ணப்ப நாயனார் ஏடு தொட்டறியாத வேடர். சிவகோசரியார் ஆகமம் அறிந்தவர். இறைவன் கற்றவரை மறைந்து நிற்கச் சொல்லிக் கல்லாதவரின் அன்பைக் காட்டினான். படிக்காமல் இருக்கலாம் என்பது இதன் பொருளன்று. சைவப்பிள்ளைகள் கற்கவேண்டும் என்றே நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தண்ணீர் கொணரப் பாத்திரமில்லாதபோது கண்ணப்பர் வாயிலே கொணர்ந்தார். பூவைத் தலைமயிரிலே செருகி வந்தார். உள்ளதைக் கொண்டு முழுமனதோடு செய்தார். மாணவருக்கு வேண்டியதும் அதுவே.

பிள்ளைகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. பொதுவாகப் பெண்பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டுகள் முந்தியே தொடங்கும். பரு அவ்வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பு மிகுவதால் வருவது. நிறம் வெளுக்குமென்று விற்கும் சில களிம்புகளில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. உயர்தரத்தின் இசட் புள்ளி, அந்த ஆண்டு அந்தப் பாடம் எழுதியவர்களின் சராசரியிலிருந்து உங்கள் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கின்றது என்பதையே காட்டும். பல்கலைக்கழகத்தில் இடங்கள் குறைவாதலால் தகுதி பெற்றவர்களிலும் ஒரு பகுதியினருக்கே அனுமதி கிடைக்கின்றது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர் வாழ்வுக்குக் கீழே நின்றவர் அல்லர். மனம் தாங்காது உயிரையே வெறுக்கும் எண்ணம் வந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

பெரியோரே, எமக்கும் கடமை உண்டு. அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் பிள்ளையிடம் "எத்தனை ஏ?" என்று கேளாதிருப்போம். "கறுத்துப் போனாய்", "கொழுத்துப் போனாய்" என்பதை நலம் விசாரிப்பாக எண்ணாதிருப்போம். கட்டையன், கறுப்பி என்ற பட்டப்பெயர்களை வீதிக்கு வெளியே செருப்போடு விட்டுவருவோம். அக்காவின் பெறுபேற்றைத் தம்பிக்கு அளவுகோலாக்காதிருப்போம். விஜயதசமியன்று புலமைப்பரிசிலிற் சித்தியடைந்தவரைப் பாராட்டும் மேடையிலே, ஆண்டு முழுவதும் பூமாலை கட்டிய பிள்ளையையும், பஞ்சபுராணம் பாடிய பிள்ளையையும், அன்னதானத்தில் இலை எடுத்த பிள்ளையையும் பாராட்ட வேண்டுமென்று எமது பரிபாலன சபையிற் பிரேரிக்க எண்ணியுள்ளேன். அடியார்கள் ஆதரவு தருதல் வேண்டும்.

கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் அனைவரும் ஒரே திருநீற்றையே பெறுகின்றோம். அதனைக் கொடுக்கும் கை நெற்றியின் நிறத்தையும் பார்ப்பதில்லை, புள்ளியையும் கேட்பதில்லை. எமது பிள்ளைகள் தமக்குக் கிடைத்த உடம்பைப் பேணி, புத்தியைத் தீட்டி, இரண்டையும் இறைபணிக்கும் ஊர்ப்பணிக்கும் பயன்படுத்தி வாழ எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.