வெளித்திரையும் முழுமை என்னும் சிக்கலும்

ஒரு பொருள் எதனால் அதே பொருளாக நீடிக்கிறது என்ற கேள்வி இந்தியத் தத்துவத்திலும் கிரேக்கத் தத்துவத்திலும் மிகப் பழையது. தேரையும் குடத்தையும் கப்பலையும் முன்வைத்து நெடுங்காலம் வாதிடப்பட்ட அக்கேள்வியை, 1984 ஜனவரி 24 அன்று ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய மெக்கின்டாஷ் என்னும் சிறு கணினியை முன்வைத்து மீண்டும் எழுப்புவதற்குத் தகுந்த காரணம் உண்டு. அக்கணினியில் திரை வேறு, கணினி வேறு என்ற பிரிவே இல்லை. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைப் படக்குழாயும், அதை இயக்கும் மின்பலகையும், செயலியும் நினைவகமும் அமைந்த தாய்ப்பலகையும், பிளாப்பி இயக்கியும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருந்தன. வெளித்திரை ஒன்றை இணைப்பதற்கான வாயில் அந்த முதல் மாதிரியிலும் இல்லை, 1986இல் வந்த பிளஸ் மாதிரியிலும் இல்லை. பழங்கணினிகளைப் பேணுவோர் இன்று உள்ளே செல்லும் படச்சைகையைத் தட்டியெடுத்து வெளியிலுள்ள தட்டைத் திரைக்கு அனுப்புகிறார்கள். அவ்வாறு அனுப்பும்போது வெளியே தெரிவது அந்தக் கணினிதானா, அதன் நகலா, அல்லது வேறொரு பொருளா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல்.

விடை காண்பதற்கு முன் அக்கணினியில் படம் உருவாகும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தத்துவச் சிக்கலின் வேர் அந்த முறையிலேயே இருக்கிறது. திரையின் குறுக்கே 512 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 342 வரிகளும் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதைக் குறிக்க ஒரு பிட் போதும் என்பதால், முழுப் படமும் நினைவகத்தில் 21,888 பைட்டுகளாக இருக்கிறது. தாய்ப்பலகையின் மின்சுற்று இந்தப் பைட்டுகளை வரிசையாகப் படித்து, நொடிக்கு 1,56,67,200 புள்ளிகள் என்ற வேகத்தில் ஒற்றைக் கம்பி வழியாக அனுப்புகிறது. அதனுடன் வேறு இரு கம்பிகளில் ஒத்திசைவுத் துடிப்புகள் செல்கின்றன. ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்க வேண்டும், ஒவ்வொரு படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று படக்குழாய்க்கு அறிவிக்கும் சைகைகளே இத்துடிப்புகள். குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடி, பாஸ்பர் பூச்சில் புள்ளிபுள்ளியாக ஒளியேற்றுகிறது. வலது ஓரத்தை அடைந்த கற்றை மீண்டும் இடது ஓரத்திற்குத் திரும்ப நேரம் பிடிக்கும் என்பதால், ஒவ்வொரு வரியிலும் 512 புள்ளிகளுக்குப் பின் 192 புள்ளிகள் அளவுக்கு வெறுமை விடப்படுகிறது. அதேபோல் 342 வரிகள் முடிந்தபின், கற்றை கீழிருந்து மேலே ஏறிவருவதற்காக 28 வரிகள் அளவுக்கு வெறுமை விடப்படுகிறது.

இந்த வெறுமைகள் வீணாகக் கழியும் இடைவெளிகள் அல்ல. செயலியின் கடிகாரம் நொடிக்கு 78,33,600 துடிப்புகள் கொண்டது. அதாவது புள்ளிகளின் வேகத்தில் சரிபாதி. செயலியும் படச்சுற்றும் ஒரே நினைவகத்தை முறைவைத்துப் பயன்படுத்துவதால், படம் வரையப்படும் நேரத்தில் செயலி காத்திருக்க நேர்கிறது. வெறுமை நேரத்தில் அது தடையின்றி ஓடுகிறது. ஒலியும்கூட இதே ஒழுங்கிற்கு உட்பட்டதுதான். ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஒலி மாதிரி என்ற கணக்கில், ஒரு படத்திற்கு 370 மாதிரிகள் நினைவகத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. ஆக, எலெக்ட்ரான் கற்றை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போய்த் திரும்புவதற்குத் தேவையான கால அளவே அக்கணினி சிந்திக்கும் வேகத்தையும் பேசும் வேகத்தையும் வகுத்திருக்கிறது. படக்குழாயின் இணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டாலும் தாய்ப்பலகை அந்த 192 புள்ளிகளுக்கும் 28 வரிகளுக்கும் காத்திருக்கும். அங்கே இல்லாத ஒரு கற்றை திரும்பி வருவதற்காக அது காலத்தை ஒதுக்கிக்கொண்டே இருக்கும்.

இனித் தத்துவ வழக்குக்கு வரலாம். பாலி மொழி நூலான மிலிந்த பஞ்ஹாவில், மிலிந்தன் எனப்படும் இந்தோ கிரேக்க அரசன் மெனாண்டரிடம் நாகசேனர் என்னும் துறவி தேரைக் காட்டி வினவுகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் அன்று என்றும், இவை யாவும் சேர்ந்திருக்கும் நிலைக்கு இடப்பட்ட வழக்குப் பெயரே தேர் என்றும் முடிவு காணப்படுகிறது. நியாய தத்துவத்தார் இதை ஏற்பதில்லை. உறுப்புகளைக் கடந்து, அவற்றில் பிரிக்கமுடியாதபடி தங்கியிருக்கும் முழுப்பொருள் ஒன்று உண்மையாகவே உண்டு என்பது அவர்கள் கொள்கை. உறுப்பை ‘அவயவம்’ என்றும், முழுப்பொருளை ‘அவயவி’ என்றும், அவற்றைப் பிணைக்கும் நீங்காத உறவைச் ‘சமவாயம்’ என்றும் அவர்கள் அழைத்தனர். ஒரு பொருளின் ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுதும் சேர்ந்து வருவதை அவர்கள் இதற்குச் சான்றாகக் காட்டினர்.

படக்குழாயில் தெரியும் உருவத்தைப் பொறுத்தவரை பௌத்தரின் பக்கமே முதலில் வலுவாகத் தோன்றும். எந்த ஒரு கணத்தை எடுத்துக்கொண்டாலும், கற்றை தொடுவது ஒரே ஒரு புள்ளியைத்தான். அதற்கு முன் தொட்ட புள்ளிகளில் மங்கிவரும் ஒளி சற்று எஞ்சியிருக்கும், அவ்வளவே. முழுப்படம் கண்ணாடியின் மேல் ஒருபோதும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை. அது நினைவகத்தில் பிட்டுகளாக இருக்கிறது, பார்ப்பவரின் பார்வையில் உருவமாக இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ளது நொடிக்கு அறுபது முறைக்குச் சற்றுக் கூடுதலாக நடந்து மறையும் ஓட்டம் மட்டுமே. கணந்தோறும் தோன்றி அழியும் நிகழ்வுகளின் தொடர்ச்சியையே பொருள் என்று மயங்குகிறோம் என்ற பௌத்த வாதத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று மனிதர் செய்த கருவிகளில் அரிது.

ஆனால் உருவத்தை விட்டுக் கணினியை நோக்கினால் நியாயத்தாரின் வாதம் எழுந்து நிற்கிறது. இக்கணினியில் ஓர் உறுப்பை இழுத்தால் மற்றவையும் சேர்ந்தே அசைகின்றன: குழாய்க்கென வகுத்த கால அளவு மாறினால் செயலியின் காத்திருப்பு மாறும், ஒலியின் சுருதி மாறும். அதே தத்துவத்தாரின் மற்றொரு முடிவு, அதாவது ஓர் உறுப்பு நீங்கினாலும் சேர்ந்தாலும் பழைய முழுப்பொருள் அழிந்து புதியது பிறக்கிறது என்பது, இங்கு ஏற்கத்தக்கதாக இல்லை. பழுதான ஒரு மின்தேக்கியை மாற்றிச் சாலிடர் வைப்பதால் வேறொரு கணினி பிறந்துவிட்டது என்று கொண்டால், பழுதுபார்த்தல் என்ற செயலே பொருளற்றதாகிவிடும். முழுமை உறுப்புகளின் பட்டியலிலும் இல்லை, வெறும் பெயரிலும் இல்லை. உறுப்புகள் ஒன்றன் காலத்திற்கு மற்றொன்று கட்டுப்பட்டிருக்கும் அந்த ஒழுங்கில்தான் அது இருக்கிறது என்பதே இக்கணினி காட்டும் உண்மை.

இந்த முடிவை வைத்து வெளித்திரை இணைப்பை அளக்கலாம். வழக்கமான முறையில் படச்சைகை ஒன்றும் ஒத்திசைவுத் துடிப்புகள் இரண்டும் தாய்ப்பலகையிலிருந்து கிளையாக எடுக்கப்பட்டு, ஒரு தாங்கிச் சில்லு வழியாகச் சிறு நுண்கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்கின்றன. மூலச் சைகையிலிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே உறிஞ்சி, அதைப் பாதிக்காமல் மறுபக்கம் ஒப்பிப்பதே தாங்கிச் சில்லின் வேலை. இக்கணினி நொடிக்கு ஏறத்தாழ 22,250 வரிகள் வரைகிறது. பிற்காலத் திரைகளோ 31,500 வரிகளுக்குக் குறைந்ததைப் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே வரும் படத்தை அப்பலகை தன் நினைவகத்தில் சேர்த்து, வேறு வேகத்தில் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு புள்ளியையும் இரு மடங்காக்கினால் 1024க்கு 684 என்ற அளவு கிடைக்கும். 1024க்கு 768 அளவுள்ள திரையில் அது மேலும் கீழும் 42 வரிகள் கறுப்பு விட்டுச் சரியாகப் பொருந்தும். வெளியே தெரிவது, எனவே, சற்றுப் பிந்தி வரும் மறுபதிவு. கற்றையின் ஓட்டம் அங்கே இல்லை. முழுப்படமும் ஒருசேர நிலைத்து நிற்கிறது. பௌத்தரின் சான்று தட்டைத் திரையில் செல்லாது.

அத்வைத மரபில் ‘சாட்சி’ என்றொரு கருத்து உண்டு. நிகழ்வுகளில் பங்கேற்காமல், அவற்றை மாற்றாமல், அவை விளங்குவதற்கு மட்டும் காரணமாயிருக்கும் அறிவு சாட்சி எனப்படும். குழாய் தன் போக்கில் எரிந்துகொண்டிருக்க, கிளைக்கம்பி வழியே அதன் சைகையைக் கேட்டு வெளியே காட்டும் இணைப்பு இத்தகைய சாட்சியின் நிலையில் இருக்கிறது. வகுப்பறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் பார்ப்பதற்கோ, நிகழ்வதை ஆவணமாகப் பதிவதற்கோ அது உதவுகிறது. கணினியின் முழுமைக்கு அதனால் குறைவில்லை. குழாயையும் அதன் மின்பலகையையும் அகற்றிவிட்டு, அவ்விடத்தில் தட்டைத் திரையைப் பொருத்துவது வேறு செயல். அங்கே சாட்சி அரங்கேறி நடிகரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோற்றம் அதேபோல் இருக்கலாம். தாய்ப்பலகை எதற்காகக் காத்திருக்கிறதோ அது கூட்டுக்குள் இல்லை.

வடிவமைத்தவர்களின் நோக்கத்தைக் காட்டி இருவகை இணைப்பையுமே மறுப்போர் உண்டு. கூடு எளிதில் திறக்கக்கூடாது என்பதற்காகவே தனிவகைத் திருகாணிகளால் அது மூடப்பட்டது என்பது உண்மை. ஆனால் நோக்கம் ஒன்றாகவே இருந்ததில்லை. மெக்கின்டாஷின் மின்சுற்றை வடிவமைத்த பரெல் ஸ்மித்தும், அதன் மென்பொருளில் பெரும்பங்கு ஆற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் 1986இல் ரேடியஸ் என்ற நிறுவனத்தின் நிறுவனர்களுள் இருந்தனர். அந்நிறுவனம் இதே கணினிகளுக்காக முழுத் தாள் உயரமுள்ள வெளித்திரையை விற்றது. அது தனக்கென நினைவகம் கொண்ட கூடுதல் திரை, உள்திரையின் நகல் அன்று என்ற வேறுபாடு கவனிக்கத்தக்கது. 1987இல் வந்த எஸ்இ மாதிரியில் விரிவாக்கப் பொருத்துவாயும், அதன் கம்பிகள் வெளிவரப் பின்புறத்தில் இடமும் ஆப்பிளே அமைத்துக் கொடுத்தது. நோக்கத்தை அளவுகோலாகக் கொள்வோர் இவற்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

குழாய் பழுதாகி, மாற்றுக் குழாயும் கிடைக்காத நிலையே மிகக் கடினமானது. இத்தகைய குழாய்கள் இப்போது உற்பத்தியாவதில்லை. பாஸ்பர் பூச்சு தேய்கிறது, மின்பலகையின் சாலிடர் இணைப்புகள் விரிசல் விடுகின்றன. இத்தாலியக் கலைமீட்புச் சிந்தனையாளர் செசாரே பிராண்டி, 1963இல் வெளிவந்த தம் நூலில், மீட்கும் கை சேர்த்தது எது என்பது உற்றுப்பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றும், பின்வருவோரின் பணிக்கு அது தடையாகக் கூடாது என்றும் வற்புறுத்தினார். ஓவியத்திற்குச் சொன்ன அவ்விதி இங்கும் பொருந்துகிறது. இயங்காத குழாய் இயங்காததாகவே தன் இடத்தில் இருக்க, தாய்ப்பலகை வெளித்திரை வழியே பேசட்டும். அது குறையுடைய முழுமை, ஆயினும் பொய் அன்று.

ஆகவே இப்பணியில் இறங்குவோர் கூட்டில் துளையிடக் கூடாது. அதன் உட்புறச் சுவரில் முதல் குழுவினரின் கையெழுத்துகள் பதிக்கப்பட்டுள்ளன. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், அதை முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவரே கூட்டைத் திறக்க வேண்டும். கம்பிகளை ஏற்கெனவே உள்ள இடைவெளிகள் வழியாகவே வெளியே கொண்டுவருக. எந்தக் கம்பி எந்த முனையில் இணைக்கப்பட்டது, எதை நீக்கினால் பழைய நிலை திரும்பும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டுக்குள்ளேயே வைத்து மூடுக.