மார்க்கக் கல்வி மனதைக் குறுக்குமோ, விரிக்குமோ?



நம் ஜவ்வாது மலைப் பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கீழே இறங்கினால், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் முஸ்லிம் மாணவரோடு ஒரே பெஞ்சியில் உட்காருகிறார்கள். சில பெற்றோருக்கு இதனால் இரண்டு பயம் உண்டாகிறது. மதரஸாவில் ஓதின பிள்ளை பிற மார்க்கத்தாரைப் பகைக்கும் என்பது ஒன்று. அவர்களோடு பழகினால் நம் பிள்ளையின் விசுவாசம் தளரும் என்பது மற்றொன்று. இவை நியாயமான பயந்தானா என்று விசாரிப்போம்.

முதலாவதைப் பார்ப்போம். குர்ஆனின் 19-ம் அதிகாரம் தேவமாதாவின் பெயரைக் கொண்டது. மார்க்க விஷயத்தில் பலவந்தம் கூடாது என்பது 2-ம் அதிகாரம் 256-ம் வசனத்தின் போதனை. மேலும், சுன்னி முஸ்லிம்களுக்குச் சட்ட வழிகள் நான்கு உண்டு. தமிழகத்தில் ராவுத்தர் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். மரைக்காயர் ஷாஃபி வழியினர். தொழுகையில் ஒருவர் 'ஆமீன்' என்பதை உரக்கச் சொல்லுவார். மற்றவர் மெதுவாய்ச் சொல்லுவார். ஆயினும் ஒரே பள்ளிவாசலில் ஒன்றாய்த் தொழுகிறார்கள். இதைக் காரணத்தோடு கற்கும் மாணவன், பக்தியும் கல்வியும் நிறைந்த பெரியோரும் கருத்தில் வேறுபடலாம், அதற்காகப் பகைக்க வேண்டியதில்லை என்று அறிந்துகொள்கிறான். சகிப்புக்கு இதுவே முதற் பாடம்.

பாடம் ஏட்டோடு நிற்கவில்லை. 1919-ல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951-ல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் முஸ்லிம் பெருமக்கள் நிறுவியவை. அங்கே எல்லா மதத்துப் பிள்ளைகளும் கல்வி பெறுகிறார்கள்.

"மார்க்கத்தின் பேரால் பகை மூட்டுகிறவர்களும் உண்டே?" என்பீர்கள். உண்டு, எந்த மார்க்கத்திலும் உண்டு. பொருள் அறியாமல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனை எவனும் எளிதில் ஏவிவிடலாம். ஆகையால் கேடு மார்க்கக் கல்வியால் அன்று, அரைகுறைக் கல்வியால் வருகிறது. ஆசிரியரின் நடத்தை கோணலானால் நல்ல பாடமும் பலிக்காது.

இரண்டாவது பயத்துக்கு வருவோம். சகிப்பு என்பது எல்லா மதமும் ஒன்றே என்று சொல்லுவதல்ல. சேசுநாதர் தேவகுமாரன் என்று நாம் விசுவசிக்கிறோம். அவர்கள் அவரைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். இந்த வித்தியாசத்தை மறைப்பது அன்பாகாது. 1965 அக்டோபர் 28-ந் தேதி வத்திக்கான் சங்கம் முஸ்லிம்களை மதிக்கவும் பழைய பிணக்குகளை மறக்கவும் போதித்தது. நம் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. 2019 பிப்ரவரி 4-ந் தேதி அபுதாபியில், காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிசும் அல் அஸ்ஹர் தலைமை இமாமும் மனித சகோதரத்துவப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். இருவரும் தத்தம் மார்க்கத்தில் உறுதியாய் நின்றபடியே அதைச் செய்தார்கள்.

ஆழ வேரூன்றின பலாமரம் காற்றுக்கு அஞ்சுமோ? ஆகவே, பெற்றோரே, பிள்ளையின் சிநேகிதரைப் பற்றிக் கவலைப்படுமுன் அவனுடைய ஞானோபதேசத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். கேள்வி பதிலை ஒப்பிக்கச் செய்வதோடு நில்லாமல், அதன் பொருளைக் கேளுங்கள். வீட்டுத் திண்ணையில் பிற மார்க்கத்தாரை இழிவாய்ப் பேசாதிருங்கள். பிள்ளை அதையும் பாடமாகவே கற்றுக்கொள்ளும். அவர்கள் தங்கள் பிள்ளைகளை நல்ல முஸ்லிம்களாய் வளர்க்கட்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நம் பிள்ளைகளை நல்ல கிறிஸ்தவர்களாய் வளர்ப்போமாக. பிறனை நேசிக்கக் கற்பியாத ஞானோபதேசம் இன்னும் முடியாத பாடமே.