இறுகிப்போன லிவர்



நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஸ்டேஷன் வாகன் ஒன்றை இருபது வருஷத்துக்கு மேலாக வைத்திருக்கிறார் நம் பக்கத்து விவசாயி ஒருவர். இவ்வகை வண்டி புதிதன்று. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1949-லேயே இதைச் செய்தார்கள்.

சொந்த வண்டியின் பதிவு 15 வருஷம் செல்லும். பின்பு சோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கொரு தரம் புதுப்பிக்க வேண்டும். இவர் அதைத் தவறாமல் செய்தார். எஞ்சின் ஆயிலை மாற்றினார், பெயின்ட் அடித்தார். முன் சக்கரங்களையும் இழுவையில் சேர்க்கும் சின்ன லிவரை மட்டும் தொடவில்லை. நாரணாபுரம், சிவகாசிப் பக்கம் வெயில்தானே, தார் ரோடுதானே என்று இருந்துவிட்டார்.

ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி கண்டது. காட்டுவீட்டிலிருந்து புறப்பட்ட வண்டி கரிசல் சேற்றில் புதைந்தது. லிவரை இழுத்தார், அசையவில்லை. டிராக்டர் வந்து சேர இரண்டு மணி நேரமாயிற்று. சர்வேசுரன் கிருபையால் தாயும் சேயும் பிழைத்தார்கள். "சாமி, அந்த லிவரைத் தொட்டுப் பத்து வருஷம் இருக்கும்" என்று அவர் அழுதார்.

தொடாத இணைப்புகளில் துருவேறும். ஆகையால் மாதமொரு தரம் மண்பாதையில் நான்கு சக்கரத்தையும் பூட்டிச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் கூடாது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் உருளாததால் பல்சக்கரங்கள் நெருக்குண்டு கெடும். அந்தப் பெட்டியின் எண்ணெயையும் காலத்தில் மாற்ற வேண்டும்.

பிரியமானவர்களே, ஜெபமும் அவ்வாறே. சுகமாயிருக்கும் நாளில் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம். பட்டாசு வேலைக்குப் போனவர் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத நாளில், நோயும் கடனும் நெருக்கும் நாளில், சர்வேசுரனைக் கூப்பிட நாவெழவில்லையே என்று தவிக்கிறோம். அவர் தூரப் போகவில்லை; நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிற்று. எண்ணெயில்லாமல் வந்த ஐந்து கன்னியரும் நள்ளிரவில்தான் கடைக்கு ஓடினார்கள்.

மழைக்கு முன்பே, வண்டி வைத்திருப்போர் லிவரைச் சோதித்துப் பாருங்கள். எல்லோரும் இன்றிரவே குடும்பமாய் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லத் தொடங்குங்கள். ஆமென்.