மந்தம் என்ற தீர்ப்பும் எமது பொறுப்பும்

எமது ஆசிரியர் அறைகளில் மிக மலிவாகப் புழங்கும் சொற்களுள் ஒன்று ‘மந்தம்’. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தவறும் பிள்ளை மந்தம். கேட்ட வினாவுக்கு விடை கூறாத பிள்ளை மந்தம். கரும்பலகையில் உள்ளதைப் பிழையாகப் பார்த்தெழுதும் பிள்ளையும் மந்தமே. ஒருவனைத் திருடனென்று தீர்ப்பதற்கும் சாட்சியும் விசாரணையும் வேண்டும். வகுப்பறையில் வழங்கப்படும் இத்தீர்ப்புக்கு மட்டும் அவை வேண்டப்படுவதில்லை. அப்பிள்ளையின் கண்ணைச் சோதித்தவர் யார்? செவியைச் சோதித்தவர் யார்? வீட்டில் அது பேசும் மொழிக்கும் பாடநூலின் மொழிக்கும் உள்ள தூரத்தை அளந்தவர் யார்? இவற்றைச் சோதித்தறியும் பொறுப்பு எவரைச் சார்ந்தது என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

சட்டத்தைக் குறை கூறுவதால் மட்டும் பயனில்லை. 1912ஆம் ஆண்டில் செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தோன்றிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளின் பிற்பகுதி வரை தோட்ட நிர்வாகங்களின் தயவிலேயே கிடந்தன என்பதை மலையகம் மறந்துவிடாது. ஊனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுத்தலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 1998 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்ததும் அதே ஆண்டிலேதான். ஆகவே வாயிற்கதவு திறந்தே இருக்கின்றது. ஆனால் உள்ளே வந்த பிள்ளை கற்கின்றதா என்பது வேறு வினா. ஆண்டுதோறும் வகுப்பேற்றப்பட்டு, ஒன்றும் கல்லாமலே வெளியேறும் பிள்ளையும் இடாப்பிலே ‘வரவு’ எனவே குறிக்கப்படுகின்றது.

மகாவலிக் கரையிலுள்ள கட்டுகஸ்தோட்டையை எடுத்துக்கொள்வோம். இந்நகரையும் இதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தமிழ்மொழி மூல வகுப்புகளிலே கடைக்காரரின் பிள்ளையும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் அருகருகே அமர்கின்றனர். வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளையைக் கடைக்காரர் கண்டியிலுள்ள தனியார் வைத்தியரிடம் கொண்டு செல்லலாம். தொழிலாளிக்குப் பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லும் நாள், கூலியிழக்கும் நாளாகும். சென்றடைந்தாலும், தமிழிலே பேசிப் பிள்ளையின் மனத்தை அறியவல்ல உளவியலாளர் மிகச் சிலரே. ஒரே இடர், ஒரு வீட்டிலே நோயாகவும் மறுவீட்டிலே மந்தமாகவும் பெயர் பெறுகின்றது. இடருக்குப் பெயரிடுவது இங்கே வர்க்கமேயன்றி அறிவியலன்று.

பொறுப்பு எவருடையது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுகின்றனர். நோயறிவது வைத்தியர் வேலை என்கிறார் ஆசிரியர். அறிக்கை தந்தாயிற்று, இனிப் பாடசாலையின் கடமை என்கிறார் வைத்தியர். ஆளணி இல்லை என்கிறது அலுவலகம். பெற்றாரோ ‘விசேட’ என்ற சொல்லைக் கேட்டதும் ஊரார் வாய்க்கு அஞ்சுகின்றனர்.

இதற்குச் சோம்பலைக் காட்டிலும் ஆழமான காரணமொன்று உண்டு. அறிதல் கடனை உண்டாக்குகின்றது. இப்பிள்ளைக்குச் செவிப்புலன் குறைவு என அறிந்த கணம் முதல் அதற்குச் செவிப்பொறியும் முன்வரிசை இடமும் வேறு கற்பித்தல் முறையும் தர நாம் கடமைப்படுகின்றோம். அறியாதவரை கடனும் இல்லை. இங்கிலாந்திலே மெய்யியல் அறிஞர் மேரி வார்னொக் தலைமையிலான குழு 1978இல் அளித்த அறிக்கை, ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோவொரு காலத்தில் விசேட கல்வியுதவி தேவைப்படலாம் என்றது. அதன்பின் வந்த 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேவையை அளப்பதும் அதற்குச் செலவிடுவதும் ஒரே உள்ளூர் அதிகாரசபையின் கையிலேயே இருந்தன. கொடுக்க வேண்டியவரே அளக்கும்போது படி சிறுத்துவிடும் என்பது எமது சந்தை வியாபாரிகளும் அறிந்த உண்மை.

அளவிடல் தன்னளவில் நன்மையென்றும் நாம் மயங்கலாகாது. 1905இல் அல்பிரட் பினேயும் சைமனும் வகுத்த சோதனை, பாரிஸ் பாடசாலைகளிலே உதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறியவே பிறந்தது. அறிவாற்றல் மாற்றமுடியாதது என்ற கருத்தைப் பினே மறுத்தார். ஆயினும் அமெரிக்காவிலே அதே சோதனை வறியோரையும் குடியேறிகளையும் பிறவியிலேயே தாழ்ந்தோரென முத்திரையிடும் கருவியாயிற்று. எனவே உரைகல் ஒன்று வேண்டும். கணிப்பீட்டின் முடிவிலே கடமை எவர்மீது விழுகின்றது? பாடசாலை தன் முறையை மாற்றவேண்டுமென அது கூறின் அது கணிப்பீடு. பிள்ளை வெளியேற வேண்டுமென மட்டும் கூறின் அது வெளியேற்றும் கட்டளையே.

ஆகவே எமது முடிவு இது. நோய்க்குப் பெயரிடும் தகைமை வைத்தியருடையது. ஆனால் உற்றுநோக்கும் கடமை நாள்தோறும் பிள்ளையோடிருக்கும் ஆசிரியருடையது. எந்த எழுத்தில் தடுமாறுகின்றது, எந்த இடத்தில் இருந்தால் கேட்கின்றது என்று குறித்து வைக்கச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. உதவி தொடங்கவும் அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அக்குறிப்பை உரிய இடத்திற்கு அனுப்பி, பதிலைக் கேட்டுப் பெறுவது அதிபரின் கடமை. பிள்ளையின் மொழியறிந்த நிபுணரை வலயந்தோறும் நியமிப்பதும், பெற்றார் கூலியிழக்காதவாறு பாடசாலைக்கே அவரை அனுப்புவதும் அரசின் கடமை.

நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியர்மீது அனைத்தையும் சுமத்துவது நீதியன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் அவ்வநீதியை எதிர்க்கும் வலிமையும் அவர் எழுதும் குறிப்பிலிருந்தே பிறக்கும். இத்தனை பிள்ளைகள், இன்னின்ன தேவைகள் என்று பெயரும் எண்ணுமாக எழுதப்பட்ட கோரிக்கையை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சம்பள உயர்வுக்காக ஒன்றுதிரளும் எமது ஆசிரியர் சங்கங்கள் இக்கோரிக்கையையும் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தல் வேண்டும். அதுவரை, ‘மந்தம்’ என்ற சொல் நாவிலெழும்போதெல்லாம், விசாரணை நடந்ததா என்று எம்மை நாமே வினவுவோமாக.